பச்சைத் தோலும் உயிர்த் தழும்பும்: ஆணுறுப்பு நார்த்திசு இறுக்க நோய்களின் உயிரியல் காரணங்கள் – வேலூர், ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஆணுறுப்பின் இணைப்புத்திசு தடித்து இறுகித் தழும்பாகும் நோய்கள் பல. அவற்றுள் பெய்ரோனி நோய், லைக்கன் ஸ்கிளிரோசஸ் ஆகிய இரண்டும் முதன்மையானவை. இவை பற்றிய தமிழ் எழுத்துகளில் பெரும்பாலானவை ‘பாலியல் ஐயங்கள்’ என்ற தலைப்பின்கீழ் அடங்கிவிடுவதால் நோயின் உயிரியல் அடிப்படை பேசப்படுவதில்லை. இந்நோய்களில் இறுகும் பொருள் கொலாஜன் என்னும் நார்ப்புரதம். வேலூர், ஆம்பூர் வட்டாரத் தோல் தொழில் நாள்தோறும் கையாளுவதும் இதே புரதத்தையே. பதனிடலின் வேதியியலைத் துணையாகக் கொண்டு தழும்பு உருவாகும் முறையை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொலாஜன், நார்த்திசு இறுக்கம், வெண்ணுறை, பெய்ரோனி நோய், குறுக்குப் பிணைப்பு, தோல் பதனிடல், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

பாலாற்றுப் படுகையில் இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தொடரும் ஊர்கள் இந்தியத் தோல் தொழிலின் முதன்மையான மையங்களுள் அடங்குவன. பழைய வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் இவை வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் அமைந்துள்ளன. இவ்வட்டாரம் குறித்த ஆய்வுகள் பெரிதும் ஆற்று மாசு, நிலத்தடி நீர், 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. அது நியாயமே. எனினும் தோல் தொழில் ஒரு வேதியியல் அறிவையும் இம்மண்ணில் நிலைநிறுத்தியுள்ளது. பச்சைத் தோல் அழுகும். பதனிட்ட தோல் அழுகாது. இடையில் நிகழ்வது என்ன என்பதைத் தொழிற்சாலையில் டிரம் சுற்றுபவரும் ஓரளவு அறிவார்.

மனித உடலிலும் இதையொத்த ஓர் இறுக்கம் நிகழ்வதுண்டு. ஆணுறுப்பில் நிகழும்போது அது வலியாகவும் வளைவாகவும் வெளிப்படுகிறது. அதைவிட அவமான உணர்வாகவும் வெளிப்படுகிறது. இளமையில் செய்த தவறின் விளைவு என்றும், விந்து வீணானதன் பயன் என்றும், பரம்பரைச் சாபம் என்றும் இதற்கு விளக்கம் கூறுவோர் இன்றும் உளர். பேருந்து நிலையச் சுவரொட்டிகளில் விளம்பரம் செய்யும் ‘நிபுணர்கள்’ வாழ்வது இவ்விளக்கங்களைக் கொண்டுதான். காரணம் இன்னதென்று தெளிவாகச் சொல்லப்படாத நோயில் பழி நோயாளியின்மீதே விழுகிறது. ஆகவே இங்கு உயிரியல் காரணத்தை விளக்குவது மருத்துவப் பயனோடு சமூகப் பயனும் உடையது.

கொலாஜன்: தோலின் பொருள், தழும்பின் பொருள்

பாலூட்டிகளின் உடற்புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன் எனலாம். மூன்று புரத இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கயிறுபோல் அமைவது இதன் அடிப்படை வடிவம். ஒவ்வோர் இழையிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச்சிறிய அமினோ அமிலம் அமைந்தால்தான் இம்முறுக்கு நெருங்கிப் பொருந்தும்.

இவ்வமைப்பை முன்மொழிந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். அவர்களது கட்டுரை 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. எக்ஸ் கதிர்ப் படமெடுக்க அவர்களுக்குத் தேவைப்பட்ட கங்காரு வால் தசைநாண் அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியால் கிடைத்தது. 1948இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தின் பணி தோல் தொழிலுக்கானது; இராமச்சந்திரனின் வினாவோ தூய இயற்பியல் சார்ந்தது. இரண்டும் ஒரே நார்ப்புரதத்தில் சந்தித்தன. தழும்பு நோய்கள் பற்றிய இன்றைய மூலக்கூறு அறிவு அனைத்தும் இம்மும்முறுக்கு வடிவத்தின்மேல் எழுந்ததே. தமிழ் அறிவியல் எழுத்தில் இராமச்சந்திரனைப் பாராட்டும் கட்டுரைகள் ஏராளம் உள்ளன. அவரது கண்டுபிடிப்பை ஒரு நோயின் விளக்கத்திற்குப் பயன்படுத்தும் கட்டுரைகளோ அரிது.

தனிக் கொலாஜன் கயிறு வலிமையற்றது. கயிறுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, அவற்றுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் விழுந்த பின்னரே அது இழுவிசையைத் தாங்கும். பதனிடல் என்பது இக்குறுக்குப் பிணைப்புகளைச் செயற்கையாகப் பெருக்குவதேயாகும். ஆவாரம் பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் டானின்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் நார்களை இணைக்கின்றன. குரோம் பதனிடலில் மூவிணைதிறக் குரோமியம் நார்களின் கார்பாக்சில் தொகுதிகளைப் பற்றிக்கொள்கிறது. ஆல்டிகைடு பதனிடலில் லைசின் அமினோ தொகுதிகள் பிணைகின்றன. விளைவை வெப்பத்தால் அளக்கலாம். பச்சைத் தோல் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியசில் சுருங்கிவிடும். தாவரப் பதனிடலுக்குப்பின் அவ்வெல்லை 75 முதல் 85 பாகை வரை உயரும். நன்கு குரோம் ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும்.

உயிருள்ள உடலில் இவ்வேலையைச் செய்வது லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதி. அது லைசினை ஆல்டிகைடாக மாற்ற, பிணைப்புகள் தாமாகவே உருவாகின்றன. செம்பு இல்லாமல் இந்நொதி இயங்காது. தமிழகம் நன்கறிந்த ஒரு நோயில் இதன் மிகுசெயலைக் காணலாம். பாக்கு மெல்லுவோரின் வாய் திறக்க முடியாமல் இறுகும் நோயை 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் கண்டு விவரித்தார். பாக்கிலுள்ள அரிகோலின் நார்ச் செல்களைத் தூண்டுவதும், பாக்கின் செம்பு லைசில் ஆக்சிடேசைத் தூண்டுவதும் பின்னர் அறியப்பட்டன. வாய்க்குள் நிகழும்போது வெட்கமின்றிப் பேசப்படும் நார் இறுக்கம், உறுப்பு மாறியவுடன் மறைக்கப்படுவது சிந்திக்கத்தக்கது.

வெண்ணுறையின் அமைப்பும் அதன் வலுவற்ற இடமும்

ஆணுறுப்பினுள் இரண்டு விறைப்புத்திசு உருளைகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்திருப்பது டியூனிகா அல்புஜினியா எனப்படும் வெண்ணுறை. இதன் உள்ளடுக்கின் நார்கள் வட்டமாகவும் வெளியடுக்கின் நார்கள் நீளவாக்கிலும் ஓடுகின்றன. பெரும்பகுதி முதல்வகைக் கொலாஜன். உடன் மூன்றாம் வகைக் கொலாஜனும் எலாஸ்டின் என்னும் மீள்புரதமும் உண்டு. தளர்ந்த நிலையில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இவ்வுறை, விறைத்த நிலையில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிகிறது. இவ்வாறு விரிந்து மீளும் இயல்பே உறுப்பின் செயலுக்கு அடிப்படை. விரிய மறுக்கும் சிறு பகுதி ஒன்று ஏற்பட்டால்கூட, விறைக்கும்போது உறுப்பு அப்பக்கமாக வளையும். சைக்கிள் டியூபின் ஒரு பக்கத்தில் ஒட்டுப் போட்டுக் காற்றடித்தால் நேர்வதும் இதுவே.

இரு உருளைகளுக்கும் நடுவே உள்ள இடைச்சுவரின் நார்கள் மேற்புற நடுக்கோட்டில் வெண்ணுறையுடன் பின்னிப் பிணைகின்றன. உறுப்பு வளைக்கப்படும்போது அழுத்தம் குவியும் இடம் அதுதான். பெய்ரோனி நோயின் தழும்புத் தகடுகள் பெரும்பாலும் மேற்புற நடுக்கோட்டிலேயே காணப்படுவது தற்செயலன்று.

பெய்ரோனி நோய்: ஆறாத காயம்

பதினைந்தாம் லூயி மன்னரின் அறுவை மருத்துவரான பிரான்சுவா ஜிகோ த லா பெய்ரோனி 1743இல் இந்நோயை விவரித்ததால் அவர் பெயரே நிலைத்தது. பதினாறாம் நூற்றாண்டிலேயே ஃபலோப்பியசு போன்றோர் இதைக் குறிப்பிட்டுள்ளனர். ஜெர்மனியின் கொலோன் நகரில் நடத்தி 2001இல் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பில் விடையளித்த ஆண்களில் 3.2 விழுக்காட்டினரிடம் இது காணப்பட்டது. நடுவயதிற்குப் பின்னரே மிகுதியாகத் தோன்றும். பிறவியிலேயே அமையும் வளைவு வேறு. அதில் தழும்பு இராது.

இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கத்தின்படி, தொடக்கம் ஒரு சிறுகாயம். பல நோயாளிகளுக்கு அது நினைவில் இருப்பதேயில்லை. வயது முதிரும்போது எலாஸ்டின் குறைந்து உறை மீளும் தன்மையை இழக்கிறது. உடலுறவின்போது ஏற்படும் திடீர் வளைவு, இடைச்சுவர் பிணையும் இடத்தில் அடுக்குகளைப் பிரித்துவிடுகிறது. அங்கே சிறிதளவு குருதி கசிந்து ஃபைப்ரின் வலை படிகிறது.

இதுவரை நிகழ்ந்தது எந்தக் காயத்திற்கும் பொது. கையில் வெட்டுப்பட்டால் ஃபைப்ரின் படிகிறது. பிளாஸ்மின் என்னும் நொதி அதைக் கரைக்கிறது. தற்காலிக நார் உருவாகிப் பின் சீரமைக்கப்படுகிறது. வெண்ணுறையோ குருதிநாளங்கள் மிகக் குறைந்த திசு. இரு அடுக்குகளுக்கிடையே சிக்கிய ஃபைப்ரினை எளிதில் அகற்ற வழியில்லை. பெய்ரோனி தகடுகளில் ஃபைப்ரின் தங்கியிருப்பதைத் திசு ஆய்வுகள் காட்டியுள்ளன. பிளாஸ்மின் உருவாவதைத் தடுக்கும் பிஏஐ–1 என்னும் புரதமும் அங்கு மிகுந்து காணப்படுகிறது. எனவே காயம் ‘இன்னும் ஆறவில்லை’ என்ற செய்தி செல்களுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

அச்செய்தியின் தலைமைத் தூதர் டிஜிஎஃப்–பீட்டா1 என்னும் வளர்ச்சிக் காரணி. தகடுகளில் இது மிகுந்திருப்பது 1997இல் வெளியான ஆய்வுகளில் சுட்டப்பட்டது. இதன் செயலை ஒத்த பெப்டைடு ஒன்றை எலியின் வெண்ணுறையில் செலுத்தியபோது நோயை ஒத்த நார்த்திசு உருவானது. இக்காரணி ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் நார்ச் செல்லை மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் சுருங்கும் நார்ச் செல்லாக மாற்றுகிறது. 1971இல் கபியானியும் அவர் குழுவினரும் ஆறும் காயங்களில் இச்செல்லை அடையாளம் கண்டனர். தசைபோல் சுருங்குவதும், நார்ச் செல்போல் கொலாஜனைச் சுரப்பதும் இதன் இருவேறு திறன்கள். காயம் ஆறியபின் இச்செல்கள் தாமே அழிய வேண்டும். தழும்பு நோய்கள் எல்லாவற்றிலும் பிழை நேர்வது இக்கட்டத்தில்தான்: வேலை முடிந்த பின்னும் வேலையாள் போகவில்லை.

அழிவுப் பக்கத்திலும் தடை உண்டு. பழைய கொலாஜனை அறுக்கும் எம்எம்பி நொதிகளும் அவற்றை அடக்கும் டிஐஎம்பி புரதங்களும் உடலில் சமநிலையில் இயங்குவன. டிஜிஎஃப்–பீட்டா அடக்கும் பக்கத்திற்குத் துணைபோகிறது. அழற்சிச் செல்கள் வெளியிடும் ஆக்சிஜனேற்ற மூலக்கூறுகள் தூண்டுதலை மேலும் நீட்டிக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு இதற்கு எதிர்த்திசையில் இயங்கி இறுக்கத்தைக் குறைப்பதை விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. கணிசமான நோயாளிகளிடம் இறுதியில் தகட்டில் சுண்ணாம்பு படிந்து எலும்பை ஒத்த கடினம் ஏற்படுகிறது.

எல்லோருக்கும் சிறுகாயம் நேர்கிறது. சிலருக்கே நோய் வருகிறது. இவ்வேறுபாட்டிற்கு மரபும் ஒரு காரணம். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு உள்ளங்கை நார்கள் தடித்து விரல்கள் மடங்கும் டூப்யூட்ரன் நோயும் இருப்பது நெடுங்காலமாக அறிந்ததே. 2012இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, டூப்யூட்ரன் நோயுடன் தொடர்புடைய டபிள்யூஎன்டி2 மரபணுப் பகுதி பெய்ரோனி நோயுடனும் தொடர்புடையது எனக் காட்டியது. உள்ளங்கையைப் பார்த்து உறுப்பின் நோயை ஐயுறுவது மருத்துவரின் எளிய உத்தி; கையைக் காட்ட எவரும் கூச்சப்படுவதில்லை.

சர்க்கரை நோய்: உடலுக்குள் நிகழும் பதனிடல்

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை சர்க்கரை நோய்க்கும் நார் இறுக்கத்திற்கும் உள்ள தொடர்பே விரிவாகப் பேசத்தக்கது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2011ஆம் ஆண்டு ஆய்வு முடிவுகளின்படி இம்மாநிலத்தில் 20 வயதைக் கடந்தவர்களில் 10.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. சர்க்கரை நோயாளிகளிடம் பெய்ரோனி நோய் கூடுதலாகக் காணப்படுவதும், கடுமையாக அமைவதும் பல நாட்டு ஆய்வுகளில் பதிவாகியுள்ளன.

காரணத்தைப் பதனிடல் மொழியிலேயே கூறலாம். குளுக்கோஸ் மூலக்கூறின் திறந்த வடிவத்தில் ஓர் ஆல்டிகைடு முனை உண்டு. குருதியில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருக்கும்போது இம்முனை கொலாஜனின் லைசினைப் பற்றுகிறது. நொதியின் துணையின்றியே, மெல்ல மெல்ல, பிரிக்கவியலாத குறுக்குப் பிணைப்புகள் விழுகின்றன. ஆல்டிகைடு பதனிடலில் சில மணி நேரத்தில் நிகழும் வேதிவினையின் உறவினர் இது. ஒரே வேறுபாடு, தொழிற்சாலையில் விரும்பிச் செய்யப்படுவது உடலில் விரும்பாமல் நிகழ்வதாகும். இவ்வாறு பிணைந்த கொலாஜன் எம்எம்பி நொதிகளுக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. நுண்குழாய்கள் கெடுவதால் நைட்ரிக் ஆக்சைடும் குறைகிறது.

விறைப்புக் குறைவுள்ளோர் முழு விறைப்பின்றி உறவு கொள்ளும்போது உறுப்பு எளிதில் மடங்கிச் சிறுகாயங்கள் பெருகுகின்றன என்பதையும் சேர்த்துக் காண வேண்டும். விறைப்புக்காக உறுப்பினுள் மீண்டும் மீண்டும் போடப்படும் ஊசிகளும் நார்த்திசுவை உண்டாக்கக்கூடும். புகைப்பழக்கம் நோயுடன் தொடர்புடையது எனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. பீடித் தொழிலும் நிலைத்த இம்மாவட்டங்களில் அது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று.

தொழிற்சாலைக் குரோமியம் காரணமா?

இவ்வட்டாரத்தில் இயல்பாக எழக்கூடிய ஐயம் ஒன்றுண்டு. தோலை இறுக்கும் வேதிப்பொருளிடையே ஆண்டுக்கணக்கில் உழைப்பவரின் உடல் நார்களும் அவ்வாறே இறுகுமா என்பதே அது. வேதியியல் இதற்கு இடந்தரவில்லை. டிரம்மில் குரோம் ஏறுவதற்குமுன் சுண்ணாம்பில் ஊறவைத்து முடியும் மேல்தோலும் நீக்கப்படுகின்றன, தசை சீவப்படுகிறது, பிறகு அமிலத்தில் ஏறத்தாழ 3 என்ற பிஎச் அளவுக்குக் கொண்டுவரப்படுகிறது. இத்தனைக்கும் பின்னரே மூவிணைதிறக் குரோமியம் நார்களுக்குள் நுழைகிறது. மேல்தோலும் நடுநிலையான உடல்நீரும் உள்ள மனித உடலில், தோலுக்கும் அடியில் கிடக்கும் வெண்ணுறையில், இவ்வினை நிகழச் சூழல் இல்லை. ஆறிணைதிறக் குரோமியம் தோலை ஊடுருவி ஒவ்வாமைப் புண்ணை உண்டாக்க வல்லது. அது தோலழற்சியேயன்றி வெண்ணுறைத் தழும்பன்று. தொழிலாளர் நலன் குறித்த கவலை நியாயமானது. ஆனால் பிழையான காரணத்தோடு அதைப் பிணைத்தால் உண்மைக் காரணமான சர்க்கரை நோய் சோதிக்கப்படாமலே போய்விடும்.

லைக்கன் ஸ்கிளிரோசஸ்: மேல்தோலிலிருந்து தொடங்கும் இறுக்கம்

பெய்ரோனி நோய் உள்ளுறையில் தொடங்குவது. லைக்கன் ஸ்கிளிரோசஸ் முன்தோலிலும் மொட்டிலும் தொடங்குவது. 1928இல் ஸ்டூமர் இதன் ஆணுறுப்பு வடிவத்தை விவரித்தார். தோல் வெளுத்து மெலிந்து, அதன்கீழ் கொலாஜன் கண்ணாடிபோல் ஒரே சீராக மாறி, அதற்கும் கீழே டி வகை வெள்ளணுக்கள் பட்டையாகக் குவிவது இதன் நுண்தோற்றம். தன்னெதிர்ப்பு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மூடிய முன்தோலினுள் சிறுநீர் தேங்கித் தொடர்ந்து உறுத்துவது மற்றொரு காரணம்.

இதற்குச் சான்றாகக் கூறப்படுவது, குழந்தைப் பருவத்திலேயே முன்தோல் நீக்கப்பட்டவர்களிடம் இந்நோய் மிக அரிது என்பதாகும். இசுலாமியர் பெருமளவில் வாழும் ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களின் நோயாளிப் பதிவுகளை ஆராய முற்படுவோர் சுன்னத்து வழக்கத்தைக் கணக்கில் கொள்ளாவிடில் ஒப்பீடு தவறாகும். இந்நோய் சிறுநீர்த்துளையைச் சுருக்கிச் சிறுநீர்க் குழாய்க்குள்ளும் பரவக்கூடும். காலப்போக்கில் புற்றுநோய்க்கு இடமாகும் வாய்ப்பும் உள்ளது. ஆகவே பெய்ரோனி நோயைவிடக் கூடுதல் கண்காணிப்பு வேண்டுவது இதுவே.

மூன்றாவதாக, 36 மணி நேரத்தைக் கடந்து நீடிக்கும் வலிமிகுந்த விறைப்பில் ஆக்சிஜன் இன்றி விறைப்புத்திசுவே அழிந்து நாராகிவிடும். அரிவாள் செல் சோகை இதன் அறிந்த காரணங்களுள் ஒன்று. அந்நோய் இந்தியாவில் முதன்முதலாக 1952இல் விவரிக்கப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடம் என்பது தமிழக மருத்துவர் மறக்கலாகாதது.

நொதி: தொழிற்சாலையின் பகை, மருத்துவத்தின் துணை

முற்காலத்தில் தோலை மென்மையாக்கப் பறவை எச்சமும் விலங்குக் கழிவும் பயன்பட்டன. அவற்றில் செயல்பட்டவை புரதத்தை அறுக்கும் நொதிகள். சுண்ணாம்புக்கு மாற்றாக நொதியால் முடி நீக்கும் இன்றைய முறையில் கட்டாயமான நிபந்தனை, அந்நொதியில் கொலாஜனை அறுக்கும் கொலாஜனேஸ் கலந்திருக்கக் கூடாது என்பது. இருந்தால் தோலே கரைந்துவிடும். அதே கொலாஜனேஸ், கிளாஸ்ட்ரிடியம் ஹிஸ்டோலிட்டிகம் என்னும் பாக்டீரியாவிலிருந்து தூய்மையாகப் பிரிக்கப்பட்டு, 2013 திசம்பரில் அமெரிக்காவில் பெய்ரோனி நோய்க்கான ஊசி மருந்தாக ஒப்புதல் பெற்றது. ஒப்புதலுக்கு அடிப்படையான சோதனைகளில் வளைவு சராசரியாக 34 விழுக்காடு குறைந்தது. போலி மருந்து பெற்றோரிடம் 18 விழுக்காடு. முதல்வகை, மூன்றாம் வகைக் கொலாஜனை அறுக்கும் இது, குருதிநாளச் சுவரின் நான்காம் வகைக் கொலாஜனைப் பெரிதும் விட்டுவிடுகிறது. எனினும் உறை கிழியும் ஆபத்து உள்ளதால் பயிற்சி பெற்ற மருத்துவரே செலுத்த வேண்டும்.

பெருமளவில் பரிந்துரைக்கப்பட்டு வந்த வைட்டமின் ஈ மாத்திரை பயன் தருவதில்லை என அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி தெளிவாகக் கூறுகிறது. நார்த்திசு உருவாகும் முறையை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. பிணைப்பு விழுந்த நாரை ஆக்சிஜனேற்றத் தடுப்பான் அவிழ்க்க இயலாது. அறுவை சிகிச்சை நோய் அடங்கிய நிலையில் மட்டுமே செய்யப்படும். வலியும் வளைவு மாற்றமும் தொடரும் முதற்கட்டத்தில் அறுத்தால், அந்த அறுவையே புதிய காயமாகி அதே சுழற்சியை மீண்டும் தொடங்கக்கூடும்.

கலைச்சொல் குறித்து

தமிழில் இந்நோய்த் தகட்டைக் ‘கட்டி’ எனக் குறிப்பது பரவலாக உள்ளது. இது தீங்கு விளைவிக்கும் சொல்லாட்சி. கட்டி என்றதும் நோயாளி புற்றுநோயை அஞ்சுகிறார். பெய்ரோனி தகடு புற்றாக மாறுவதில்லை. ‘ஆண்மைக் குறைவு’ என்ற தலைப்பில் இதை அடக்குவதும் பொருந்தாது. விறைப்பு குன்றாமலே வளைவு மட்டும் உள்ளோர் பலர். ‘நார்த்திசு இறுக்கம்’ என்பது நிகழ்வையும், ‘தழும்புத் தகடு’ என்பது அதன் விளைவையும் பிழையின்றிச் சுட்டும். தழும்பு என்னும் சொல்லுக்கு மற்றொரு தகுதியும் உண்டு: தழும்பு என்றால் அதற்குமுன் ஒரு காயம் இருந்தது என்பதைத் தமிழர் எவரும் விளக்கமின்றி உணர்வர், காயம்பட்டவரை எவரும் பழிப்பதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பயிற்சி மருத்துவமனைகளில் நோயாளியிடம் தமிழில் பேசும் இளம் மருத்துவருக்கும், பாடநூல் ஆக்கும் விரிவுரையாளருக்கும் இச்சொற்கள் உடனே பயன்படக்கூடியவை. மருத்துவக் கலைச்சொல் தொகுதிகளின் அடுத்த பதிப்பில் ‘கட்டி’ என்பதற்கு மாற்றாக ‘தழும்புத் தகடு’ இடம்பெற வேண்டும்.